கூமாப்பட்டியில் ஒளித்து வைத்த ஓட்டு

எனக்கு அம்மை போட்டிருக்கிறது, விஷக்காய்ச்சல் வந்திருக்கிறது, ஒரு தடவை தேளும் கொட்டியிருக்கிறது. இவை எதுவும் என் வீட்டாரை அவ்வளவாகப் பாடுபடுத்தவில்லை. இருபத்தாறாவது வயதில் எனக்குக் கட்சிப் பைத்தியம் பிடித்ததே, அதுதான் எல்லாரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது.

வெள்ளைக்காரன் காலம். எங்கள் பக்கத்தில் அப்போது இரண்டு கட்சிகள். அவற்றுக்கு முறையான பெயர்கள் இருந்தன. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தோளில் கதர்த் துண்டு போட்டவர்கள் கதர்க் கட்சி. சரிகை அங்கவஸ்திரம் போட்டவர்கள் சரிகைக் கட்சி. (“வேற என்ன வித்தியாசம்?” என்று என் கணவர் கேட்பார். அதற்காக அவரோடு இரண்டு நாள் பேசமாட்டேன்.) என் அண்ணன் சாலமோனுக்கு மகாராஜபுரத்தில் வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. போர்டில் கதர்க் கட்சிக்கு அவர்தான் தலைவர். போர்டு என்றால் பள்ளிக்கூடம், ரோடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கையில் வைத்திருந்த சபை. அதன் பிரசிடெண்ட் சரிகைக் கட்சிக்காரர்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் போர்டுப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கணவர் தேவசகாயம் அங்கேயே கோர்ட்டில் கிளார்க். அண்ணன் ஒரு கூட்டத்தில் பிரசிடெண்டைக் கிழிகிழி என்று கிழித்தார். மறு வாரமே எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மலையடிவாரத்தில் இருக்கும் கூமாப்பட்டிக்கு! இரண்டு வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, அங்கே ஒற்றை அறையில் நான் மட்டும் குடியிருந்தேன். சனிக்கிழமை வண்டி பிடித்து வீட்டுக்குப் போவேன். ஒரு சனிக்கிழமை மகள் என்னைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே ஓடி, “பாட்டி, டீச்சர் வந்திருக்காங்க” என்றாள். அந்த வாரம் முழுவதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த நிலையில்தான் பிரசிடெண்ட் தேர்தல் வந்தது. அண்ணன் நின்றார். “நாற்காலில உக்காந்து நான் போடுத மொதக் கையெழுத்தே உன் மாத்தலை ரத்து பண்ணுததுதான்” என்றார். ஆனால் கதருக்கு ஏழு பேர், சரிகைக்கு ஏழு பேர். பதினைந்தாவது மெம்பர், பெண்கள் சார்பாகச் சர்க்கார் நியமித்த நர்சம்மா. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அந்தப் பக்கம் ஜெயம்.

அந்தக் காலத்தில் ஓட்டு நெருங்கினால் மெம்பர்களை ஊரில் பார்க்க முடியாது. ஒருவர் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருப்பார், ஒருவர் யாருடைய தோப்பிலோ சீட்டாடிக்கொண்டிருப்பார். எதிர்க்கட்சி கண்ணில் படாமல் ஒளித்து வைப்பார்கள். நர்சம்மாவை ஒளித்து வைக்க அண்ணன் தேர்ந்தெடுத்த இடம் என் அறை.

“நாலு நாள் உன்கூட இருக்கட்டும். சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ஓட்டு. அதுக்குள்ள ஆபீஸ்ல கொண்டாந்து விட்டுரு. வழியில எவன் என்ன சொன்னாலும் நம்பாத. நானே சொன்னேம்னு சொன்னாலும் நம்பாத, ஆமா.”

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

போர்டு உத்தியோகத்தில் இருப்பவர்கள் இதிலெல்லாம் தலையிடக் கூடாது என்று விதி. கண்டுபிடித்தால் வேலையே போய்விடும். நான் கவலைப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? கட்சிக்காகச் சிறைக்குப் போவதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நர்சம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

நர்சம்மா நல்ல மனுஷி. “சாலமோன் தங்கமான பய. அவன் மூணு பிள்ளைகளும் என் கையில பொறந்ததுக. அவனுக்குத்தான் போடுவேன், நீ போய்த் தூங்கு” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். புத்தியுள்ளவள் என்றால் அதோடு தூங்கப் போயிருக்க வேண்டும்.

“அப்படிச் சொல்லக் கூடாது நர்சம்மா. ஆளைப் பாத்து ஓட்டுப் போடுதது தப்பு. இன்னைக்கு ஒரு ஆளு இருப்பாரு, நாளைக்கு இன்னொருத்தரு. கட்சிதான் நிலைக்கும்” என்று ஆரம்பித்தேன்.

நான்கு நாள். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோல, ‘ஆளு முக்கியமில்லை, கட்சிதான் முக்கியம்’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். கடைசி நாள் வேதப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

“இது எதுக்குட்டி?”

“கதர்க் கட்சி யாரை நிறுத்துதோ அவருக்குத்தான் போடுவேம்னு கை வச்சுச் சொல்லுங்க.”

“சாலமோனுக்குன்னு சொன்னாப் பத்தாதா?”

“பத்தாது.”

நர்சம்மா பெருமூச்சு விட்டுக் கை வைத்தார். விளையாட்டுக்குச் சத்தியம் செய்கிற ஆள் இல்லை அவர். என் உச்சி குளிர்ந்துவிட்டது. ‘கட்சிக்கே சத்தியம் வாங்கிவிட்டேன்’ என்று அன்றைக்கே ஆள்விட்டு அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் மாடசாமியின் கூண்டு வண்டியில் புறப்பட்டோம். மெயின் ரோட்டில் போனால் பார்த்துவிடுவார்கள் என்று மகாராஜபுரம் வழியாக வண்டிப்பாதையில் போனோம். வண்டிக்கு முன்னும் பின்னும் சேலையைக் கட்டி மறைத்திருந்தேன். சித்திரை வெயில். உள்ளே இருவரும் வெந்துகொண்டிருந்தோம். எதிரே யாராவது நடந்து வந்தாலே சேலையை இன்னும் இழுத்து இறுக்கினேன்.

ஒரு கண்மாய்க் கரையில் நர்சம்மா காற்றுக்காகச் சேலையைக் கொஞ்சம் விலக்கினார். கரையில் இடுப்புப் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, “அய்யோ, நர்சம்மாவா! இது நீங்க எடுத்த பிள்ளைதான், பாருங்க எம்புட்டு வளந்துட்டான்!” என்று ஊர் கூடும்படி கத்தினாள். அதே நேரம் தூரத்தில் புழுதி கிளம்பியது. பிளஷர் கார்! எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கார் ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி ஒருவரிடம்தான் இருந்தது. அவர் சரிகைக் கட்சியின் தூண்.

“மாடசாமி, கண்மாய்க்குள்ள இறக்கு!”

தண்ணீர் வற்றிய கண்மாயில் கருவேல மரங்களுக்கு நடுவே வண்டி தடதடவென்று இறங்கி நின்றது. நர்சம்மாவைப் படுக்கச் சொல்லி, மேலே மாட்டுக்கு வைத்திருந்த சோளத்தட்டையைப் போட்டு மூடினேன். கார் கரையில் நின்றது. யாரோ கத்தினார்கள், எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. மாடு ஒரு தடவை கழுத்தை ஆட்டினால் மணிச் சத்தம் கேட்டுவிடும். இரண்டு கையாலும் மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாட்டின் கழுத்தில் தொங்கினார் மாடசாமி.

“நர்சம்மா போற வண்டியைப் பாத்தியா?” என்று காரில் வந்தவர்கள் கரையில் நின்ற பிள்ளைக்காரியிடம் கேட்டிருக்கிறார்கள்.

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “கூமாப்பட்டிப் பக்கமால்ல திரும்பிப் போச்சு” என்றாளாம். கார் கூமாப்பட்டிப் பக்கம் தூசியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது.

சோளத்தட்டைக்குள்ளிருந்து நர்சம்மா கேட்டார்: “ஏட்டி, நான் இன்னும் எம்புட்டு நேரம் மாட்டுத் தீவனத்துல கெடக்கணும்?”

அங்கிருந்து இரண்டு மைல் போயிருப்போம். சைக்கிள் மணி விடாமல் அடித்தது. சேலையை விலக்கிப் பார்த்தால், வேர்த்து விறுவிறுத்து, சட்டை முதுகோடு ஒட்ட, வாடகைச் சைக்கிளில் என் கணவர்!

“எஸ்தரு, வண்டியைத் திருப்பு! நேத்து ராஜபாளையத்துல பஞ்சு வியாபாரி பங்களாவுல விருந்து. உங்க அண்ணனை பிரசிடெண்டா நிறுத்துதோம்னு சொல்லி இழுத்துட்டாங்க. அவிய சரிகைக் கட்சில சேந்துட்டாவ! பழைய பிரசிடெண்டு கோவிச்சுக்கிட்டுக் கதர்க் கட்சிக்கு வந்துட்டாரு. இப்பவும் ஏழுக்கு ஏழு. நர்சம்மா போனா சத்தியப்படி கதருக்குத்தான் போடுவாங்க. போகலேன்னா சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க, உங்க அண்ணனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. திருப்பு!”

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.) என் அண்ணனாவது, சரிகையாவது! பொய் சொல்வதென்றாலும் ஒரு அளவு வேண்டாமா?

“உங்களுக்கு என்ன தாரேன்னு சொன்னாங்க?”

அவர் முகம் செத்துப்போயிற்று. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ‘எஸ்தருக்கு: நர்சம்மாவைக் கூட்டி வர வேண்டாம். மற்றவை நேரில். சாலமோன்.’ அண்ணன் கையெழுத்தேதான். அதுதான் எனக்குப் பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது. கோர்ட்டில் தினமும் கள்ளப் பத்திரம் பார்க்கிறவர், நாலு பேர் கையெழுத்தைப் போடக் கற்றிருக்க மாட்டாரா?

“எட்டி, உன் புருஷன் பொய் சொல்லுத ஆளு இல்லையே” என்றார் நர்சம்மா.

“புருஷன் வேற, கட்சி வேற நர்சம்மா.”

கீழே இறங்கினேன். கொண்டை ஊசியைக் கழற்றி, சைக்கிளின் இரண்டு டயரிலும் குத்தினேன். காற்று இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு வண்டியில் ஏறினேன். அவர் தடுக்கவில்லை. நடுப்பாதையில் அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். கொஞ்ச தூரம் போன பிறகு நர்சம்மா மெதுவாகக் கேட்டார்.

“ஒருவேளை அது நெசமா இருந்தா, நான் யாருக்குட்டி போடணும்?”

“நெசமாவே இருந்தாலும் கட்சிக்குத்தான். என் அண்ணனே ஆனாலும் சரி!” என்று கர்ஜித்தேன்.

மடவார் வளாகம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது மணி ஒன்றே முக்கால். போர்டு ஆபீஸ் வாசலில் நர்சம்மாவை இறக்கி உள்ளே தள்ளிவிட்டு, வெளியாட்கள் நிற்கும் வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டோம்! அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கதர் வரிசையில் அண்ணன் இல்லை. அவர் இடத்தில் பழைய பிரசிடெண்ட் உட்கார்ந்திருந்தார். தோளில் கடை மடிப்புக் கலையாத புதுக் கதர்த் துண்டு. எதிர் வரிசைக்குக் கண்ணைத் திருப்பினேன். அண்ணன். மேலெல்லாம் செம்புழுதி. தோளில் நாலு விரல் அகலச் சரிகை.

அப்போதும் என் மூளை என்ன சொன்னது தெரியுமா? ‘அண்ணன் ஏதோ தந்திரம் பண்ணுகிறார்!’

பெயர்களைப் படித்தார்கள். சரிகையின் சார்பில் சாலமோன். கதரின் சார்பில் பழைய பிரசிடெண்ட். என் மாற்றல், என் மகள், பாதி வழியில் சைக்கிளோடு விட்டுவிட்டு வந்த மனுஷன், எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. கைகளைத் தூக்கினார்கள். ஏழு. ஏழு. எல்லாத் தலைகளும் நர்சம்மா பக்கம் திரும்பின.

நர்சம்மா ஜன்னலில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அண்ணனைக் காட்டினேன். “அண்ணனுக்கு! அண்ணனுக்குப் போடுங்க!” என்று வாயசைத்தேன். பியூன் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தான். நான் கம்பியை விடவில்லை.

நர்சம்மா எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

“சாலமோன் நான் தூக்கி வளத்த பய மாதிரி. ஆனா வேதத்துல கை வச்சுட்டேன். ஆளு முக்கியமில்லை, கட்சிதான் முக்கியம்” என்று நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, கதருக்குக் கை தூக்கினார்.

அண்ணன் வெளியே வந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. “கண்மாய்க் கரையில நின்னு உன் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துனேனே பாவி” என்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அந்தக் காரில் வந்தது அவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பின்னாலேயே மாலையும் கழுத்துமாகப் பழைய பிரசிடெண்ட், இல்லை, புதுப் பிரசிடெண்ட், வந்து என்னைக் கும்பிட்டார். “கூடப் பிறந்தவரைக்கூடப் பார்க்காமல் கட்சிக்கு நின்றீர்கள் அம்மா. இதை மறக்கமாட்டேன்.”

மறக்கவும் இல்லை. பத்தாம் நாள் உத்தரவு வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸாக எனக்குப் பதவி உயர்வு. கூமாப்பட்டியில்! அங்கிருந்து என்னை யாரும் அசைக்க முடியாதபடி அவரே பார்த்துக்கொள்வாராம். ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டார். மாமியாரையும் மகளையும் அங்கேயே கூட்டி வந்தேன். என் கணவர் சனிக்கிழமைதோறும் சைக்கிளில் வந்து போனார். ஒரு நாள்கூட என்னைக் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்ணன் ஒன்றரை வருஷம் என்னோடு பேசவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் அன்று பலகாரத் தட்டோடு வந்து நின்றார். தோளில் கதர்த் துண்டு. அதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார். பிரசிடெண்டும் சரிகைக்குத் திரும்பிவிட்டார். “எங்க எல்லாத்துலயும் கட்சி மாறாதவ நீ ஒருத்திதான்ட்டி. உன்னாலதான் நான் நாசமாப் போனேன்” என்றார். நான் அழுதேன். அவர் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். யார் எந்தத் தேர்தலில் நின்றாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். போன மாதம் ராஜபாளையத்திலிருந்து அண்ணன் மகன் வந்தான். கூட்டுறவு பண்டகசாலைக்கு டைரக்டராக நிற்கிறானாம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “யாரைப் பாத்துப் பேசணும், சொல்லு” என்றேன்.

“அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் அத்தை. நீங்க ஓட்டு முடியுத வரைக்கும் மதுரையில மக வீட்ல இருந்துட்டு வாங்க, போதும்.”

ரயில் டிக்கெட்டைக் கையோடு எடுத்து வந்திருந்தான். போனேன். ஜெயித்துவிட்டான்.