தெரு அடங்கியது, தாடை அடங்கவில்லை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவன்போடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முன்பல் ஒன்று மட்டும் பாதிதான் சுகம். அதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"கண்ட வியாதியும் பரவுற நேரத்துல ஊர்க்காரங்க வாயைத் திறந்து பாக்குற வேலை நம்ம பொண்ணுக்கு எதுக்கு? ராஜினாமா பண்ணிட்டு வீட்டுல பத்திரமா இருக்கச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தீர்கள். தாய்மாமன் சொன்னதை மறைக்கக் கூடாதென்று, மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அப்படியே வாசித்துக் காட்டினேன். "மாமாகிட்ட சொல்லுங்கப்பா, இப்ப வீட்டுலதான் ஆபத்து. எனக்கு வர்ற கேஸெல்லாம் அங்கேருந்துதான் வருது" என்றாள்.

சும்மா சொல்லவில்லை மச்சான். முன்பெல்லாம் அவள் டாக்டராக இருக்கும் தாடை அறுவைப் பிரிவுக்கு ஆள் அனுப்பியது தெருதான். மோட்டார் சைக்கிளில் பறந்தவன், பந்தாட்டத்தில் முழங்கை வாங்கியவன், மதுக்கடை வாசலில் நியாயம் கேட்டவன் என்று வரிசை கட்டி நிற்பார்கள். ஊரடங்கு வந்ததும் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். இனி நம் பெண் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். எங்கே! வீட்டுக்குள் அடைபட்ட ஜனம் சும்மா இருக்குமா? வருஷக்கணக்காகத் திரும்பிப் பார்க்காத பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏறிய கணக்காளர் மோவாயால் இறங்கினார். பல் கிளினிக்கெல்லாம் பூட்டிக் கிடந்ததால் ஒருவர் வலித்த பல்லில் நூலைக் கட்டி மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு தைரியம் வரட்டும் என்று காத்திருந்தாராம். அதற்குள் மனைவி "சாப்பிட வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டாள். வந்தது பக்கத்துப் பல்.

அடுத்தவரைச் சொல்லி என்ன, என் கதைக்கு வருகிறேன். வாழ்நாளெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றவன் நான். உடம்பு இளைக்கட்டும் என்று உங்கள் தங்கை வாங்கிப்போட்ட, நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளிலிருந்து விழுந்தேன். எதிரே வண்டி இல்லை, குழி இல்லை, திருப்பம்கூட இல்லை. முன்பல் பாதி போயிற்று.

ஆனால் விழுந்ததும் நல்லதுக்குத்தான் மச்சான். இல்லையென்றால் அன்று நான் கண்ணால் பார்த்ததைப் பார்த்திருக்க மாட்டேன். என் முறைக்காக மகளின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. ஒரு பெண் உள்ளே போனாள். கன்னம் வீங்கி வாய் கோணியிருந்தது. கூடவே கணவன். மகள் அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவன்தான் பதில் சொன்னான்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர்."

மகள் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள் அல்லவா? ஒரு சிராய்ப்பும் இல்லை. முகத்தில் எதையும் காட்டாமல், "தொற்று நேரம். பேஷண்ட் தவிர யாரும் உள்ளே இருக்கக் கூடாது. வெளியே இருங்க" என்றாள்.

"நான் புருஷன்ங்க."

"கிருமிக்கு அது தெரியாதுங்க."

கதவைச் சாத்தினாள். அவன் வராந்தாவில் அங்குமிங்கும் நடந்தான். எனக்கு எழுந்து நின்று "இது என் பொண்ணு" என்று கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தியும் விட்டேன். பல் உடைந்து வீங்கிய வாய், மேலே முகக்கவசம்; "இபு எம் பொம்மு" என்றுதான் வந்தது. அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை மகள் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். நடந்தது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் அக்கா வந்து, பின்வாசல் வழியாக அவளைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டாள். கணவனை விசாரிக்கப் போலீஸ் வந்தது. இப்போது 'வழுக்கி விழுந்த' ஒவ்வொருவரையும் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று தலைமை மருத்துவரே உத்தரவு போட்டிருக்கிறார். யோசனை யாருடையது? நம் வீட்டுப் பெண்ணுடையது. முகக்கவசம் அழுத்தி மூக்கில் தழும்பு விழுந்திருக்கிறது அவளுக்கு. அதைப் பார்க்கும்போது எனக்குப் பயமும் வருகிறது, நெஞ்சும் நிமிர்கிறது. ஆகவே ராஜினாமா என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும், எல்லோருக்கும் முழுப் பல்வரிசையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
டாக்டரின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் வீட்டம்மா போன் செய்தார். நாற்காலி மேல் ஏறி மின்விசிறி துடைத்தீர்களாமே! முன்பல் முழுசாகக் கையோடு வந்துவிட்டதென்றும், "பொண்ணு எப்ப டியூட்டியில இருப்பா?" என்று நீங்களே கேட்கச் சொன்னதாகவும் சொன்னார். ஆகவே மேலே எழுதியது எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. பல்லைத் தேய்த்துக் கழுவாமல் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு, இந்தக் கடிதம் கிடைத்தவுடன் காலம் தாழ்த்தாமல் கிளம்பி வரவும்.