என் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

வேண்டுதல் என்பது ஒருவர் வாயால் செய்து, இன்னொருவர் காலால் தீர்க்கும் காரியம். எங்கள் வீட்டில் வாய் அம்மாவுடையது, கால் என்னுடையது.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு டைபாய்டு வந்து, சேலத்து டாக்டரே உதட்டைப் பிதுக்கிவிட்டார். பிள்ளை பிழைத்தால், அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரியை அவனே தோளில் சுமந்து, நடந்தே வந்து கொடுப்பான் என்று அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்துவிட்டேன். (மாதா தன் வேலையை முடித்துவிட்டாள். இனி என் பாடு.)

திருவிழாவுக்கு ரயிலில் வந்துவிடுவதாகச் சொன்ன அம்மா, என்னையும் மெழுகுதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தாள்.

"இதை மெழுகுன்னு நெனைக்காத. இது நீதான். பத்திரமா கொண்டாந்து சேரு. இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் உசுரே போயிடும்."

துணைக்கு வந்த சித்தப்பா, "ஒரு மூங்கில்ல வச்சுக் கட்டிக்கடா" என்றார். அது நான்தான் என்று ஆனபிறகு மூங்கிலில் வைத்துக் கட்டினால் என்ன அர்த்தம்? மறுத்துவிட்டேன். உண்மைக் காரணம் வேறு. வெறுந்தோளில் சுமந்து போனால் ராசிபுரம் கடைத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். நானும் காய்ச்சலில் முடி கொட்டிய தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நாமக்கல் தாண்டியதும் வெயில் கொளுத்தியது. எருமப்பட்டி அருகே ஒரு புளியமரத்தில் மெழுகுதிரியைச் சாய்த்துவைத்துவிட்டுக் கண்ணயர்ந்தேன். சித்தப்பாவும்தான். நாங்கள் தூங்கினால் நிழலும் தூங்குமா? அது நகர்ந்து போய்விட்டது. எழுந்து பார்த்தபோது 'நான்' இடுப்பு ஒடிந்து வளைந்து நின்றுகொண்டிருந்தேன். சித்தப்பா ஜெபமாலையை எடுத்துவிட்டார்.

நிமிர்த்தப் பார்த்தால் உடைந்துவிடுமோ என்று பயம். அந்த வழியே வந்த ஒரு தோட்டக்காரர் நின்றார்.

"ஏனுங்க சாமி, வில்லத் தூக்கிக்கிட்டு யாரு மேல சண்டைக்குப் போறீங்க?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அட, பெத்தவ வேண்டுதலுங்களா! அழுவாதீங்க சாமி. எங்கூட்டுக்கு வாங்க, அவ பாத்துக்குவா."

(நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.)

அவர் மனைவி கேள்வியே கேட்கவில்லை. மெழுகுதிரியைச் சுடுபாறையில் கிடத்தினார். ஒரு முனையில் அவர், மறுமுனையில் புருஷன். கொழுக்கட்டை மாவை உருட்டுவதுபோல் என்னை உருட்டினார்கள்.

"மெதுவாங்க, மெதுவாங்க" என்று முனகினேன்.

"சும்மா இருங்க சாமி, கோணல் போவட்டும்" என்றார் அந்த அம்மா.

கோணல் போனது. கிணற்றடித் தொட்டியில் முக்கிவைத்து, இறுகியதும் எடுத்து நிறுத்தினால், நூல் பிடித்தாற்போல் நேர்! எனக்குப் போன மூச்சு வந்தது. என் பக்கத்தில் வைத்து அளந்த சித்தப்பாவுக்கு இருந்த மூச்சும் போனது. உருட்டிய உருட்டில் மெழுகுதிரி என்னைவிட ஒரு சாண் வளர்ந்திருந்தது.

"அதுக்கென்னங்க, அறுத்துப் போட்டாத் தீந்துது" என்று அரிவாள் எடுக்கக் கிளம்பிய தோட்டக்காரரை ஓடிப்போய் மறித்தேன். தலைப்பக்கம் திரி இருந்தது. அறுத்தால் காலைத்தான் அறுக்க வேண்டும். வேளாங்கண்ணி வரை நடக்கவேண்டிய கால்! அவரிடமே ஒரு மூங்கிலும் ஈரச் சாக்கும் வாங்கி, சித்தப்பா முதலில் சொன்னபடியே கட்டிக்கொண்டேன்.

வேளாங்கண்ணியில் அம்மா எங்களை மறுபடி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். "என்னடா இது?" வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய்யை நான் தொடங்குமுன், சித்தப்பா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அம்மா மெழுகுதிரியின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"எம்புள்ளைக்கு ஒரு சாண் ஆயுசு கூட்டிக் குடுத்துட்டாடா மாதா" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். காய்ச்சல் விட்ட அன்றுகூட எனக்கு அவ்வளவு நிம்மதி வந்ததில்லை.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, மறுபடியும் பிழைத்து வீடு திரும்பினேன். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பாத்து எறங்குங்க. உங்க அம்மா அளந்து குடுத்தது எப்பவோ எரிஞ்சு தீந்துபோச்சு. இப்ப ஓடுறது எருமப்பட்டி அம்மா உருட்டுன சாண்."