வாலோரத்துக் குட்டிச் செட்டை

"துடுப்பு இருக்குதான்னு பாருங்க," என்றார் பிலிப் தொலைபேசியில்.

செபஸ்டியன் கையில் துள்ளிய மீனைப் பார்த்தார். கைபேசி அவருடைய தோளுக்கும் காதுக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருந்தது.

"மீனுக்கு என்னத்துக்கு அண்ணை துடுப்பு?"

"அட, முதுவுல இருக்குமே, அது!"

"ஓ, செட்டையைச் சொல்லுறியளோ? ரெண்டு கிடக்கு. நடுவில பெரிசு ஒண்டு. வாலோரம் நகமளவில குட்டி ஒண்டு."

"குட்டி முழுசா இருக்குதா?"

"ஓம், முழுசாத்தான் இருக்கு."

"அப்ப அது சோவாஜ். ஆத்துலயே பொறந்தது. கையை நனைச்சிக்கிட்டு மெதுவா தண்ணியில விட்டுடுங்க. எடுத்துட்டு வந்தீங்கன்னா அமாந்த் போட்டுடுவான்."

அமாந்த் என்றால் அபராதம். அந்தச் சொல்லைக் கேட்டதுமே செபஸ்டியனின் விரல்கள் தாமாக விரிந்தன. மீன் போய்விட்டது.

லா சப்பலில் புடைவைக் கடையில் வேலை செய்யும் செபஸ்டியன் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. கோப்பு பிரிபெக்சர் அலுவலகத்தில் கிடக்கிறது. அன்றிலிருந்து அவர் சிவப்பு விளக்கில் தெருவைக் கடப்பதுகூட இல்லை. தெருவில் வாகனமே இல்லாவிட்டாலும் நிற்பார். அப்படிப்பட்டவர் தூண்டிலோடு ஆற்றங்கரைக்கு வந்ததற்கு மனைவியின் தமையன் அருட்பிரகாசம்தான் காரணம்.

இரண்டு கிழமைக்கு முன் வில்லியே லே பெல்லில் ஒரு ஞானஸ்நான விருந்து நடந்தது. அங்கே அருட்பிரகாசம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். "பதினெட்டு வருசமா கடைக்கும் வீட்டுக்கும் நடந்ததைத் தவிர இந்த நாட்டில நீர் என்னத்தைக் கண்டனீர்?"

"நான் மீன் பிடிக்கிறனான்," என்று செபஸ்டியன் சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

"அப்ப வாற சனிக்குப் பிறகு வாற சனி பின்னேரம் குடும்பமா வாறம். நீர் பிடிச்ச மீனிலதான் குழம்பு."

மார்க்ஸ் டோர்மோயில் செபஸ்டியனுக்கு மேல்மாடி வீட்டில் இருக்கும் பிலிப் புதுச்சேரிக்காரர். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். மீன்பிடிச் சங்கத்தில் முப்பது வருட உறுப்பினர். முழங்கால் வலியால் தான் வர முடியாது என்றாலும் அனுமதி அட்டை எடுத்துக் கொடுத்து, தூண்டிலையும் இரவல் தந்து, சங்கத்தின் விதியையும் விளக்கினார். பண்ணையில் பொரித்து வளர்த்த த்ருயித் மீன்களை ஆற்றில் விடும்போது வாலோரத்துக் குட்டிச் செட்டையை வெட்டிவிடுவார்கள். அந்தச் செட்டை இல்லாத மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இருந்தால் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும்.

காலையில் இரண்டு மணி நேரம் ஆற்றில் ஒன்றுமே கடிக்கவில்லை. "மேல போங்க," என்றார் பிலிப். செபஸ்டியன் கரையோரமாக மேலே போனார். ஒரு வாய்க்கால் பிரிந்தது. அதைத் தொடர்ந்து, திறந்து கிடந்த இரும்புப் படலையைத் தாண்டிப் போனார். அங்கே தண்ணீர் அகன்று அமைதியாகக் கிடந்தது. தூண்டிலைப் போட்ட உடனேயே ஒன்று அகப்பட்டது. அதுதான் முதலாவது சோவாஜ்.

இரண்டாவதும் சோவாஜ். மூன்றாவதும் அப்படியே.

"புழுவை மாத்துங்க. வளத்த மீன் ரொட்டி கூட சாப்பிடும், சோவாஜ் அதைத் தொடாது," என்றார் பிலிப்.

செபஸ்டியன் தன் மத்தியானச் சாப்பாட்டுப் பகெத் ரொட்டியைப் பிய்த்துத் தூண்டிலில் கொழுவினார். மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. நான்கு, ஐந்து, ஆறு. எல்லாவற்றிலும் குட்டிச் செட்டை கொடி மாதிரி நின்றது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பினார்.

பிலிப்பின் குரல் நடுங்கியது. "முப்பது வருஷத்துல நான் ரெண்டே ரெண்டுதான் பாத்திருக்கேன். போட்டோவைச் சங்கத்துப் பிரெசிதானுக்கு அனுப்பிட்டேன். மனுஷன் அழுதுட்டாரு."

"அவர் அழட்டும் அண்ணை. எனக்குக் குழம்புக்கு மீன் வேணும்."

எட்டாவது மீனை விட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி புஸ்பராணி அழைத்தாள்.

"அண்ணை ஆக்கள் வெளிக்கிட ஆயத்தமாம். ஆறு பேர். புளி கரைச்சு வைச்சிட்டன். ஏதும் பட்டதோ? இல்லாட்டி லா சப்பலில ஒரு அறக்குளா மீன் வாங்கி வைக்கட்டோ?"

"வேண்டாம்! அறக்குளாவின்ரை முள்ளைப் பார்த்தே கொண்ணர் பிடிச்சுப்போடுவார். நான் எட்டு மீன் பிடிச்சிட்டன்."

அதில் பொய் இல்லை.

"எட்டோ! அப்ப பொரியலும் வைப்பம். அண்ணைக்கு இப்பவே சொல்லுறன்."

"பொறும், பொறும்..." என்பதற்குள் அவள் கைபேசியை வைத்துவிட்டாள்.

ஒன்பதாவது மீன் முழங்கை நீளம் இருந்தது. ஆறு பேருக்கும் அது ஒன்றே போதும். அதிலும் செட்டை இருந்தது.

செபஸ்டியன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. சட்டைப்பையில் தூண்டில் நூல் நறுக்கும் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. ஒரே ஒரு நறுக்கு. அதற்குப் பிறகு இதுவும் பண்ணை மீன்தான். மீனின் முகத்தைப் பார்த்து ஆர் சொல்லப் போகிறார்கள்? மீனை, கொண்டுவந்த தொட்டிக்குள் வைத்துப் பிடித்தார். கத்தரிக்கோலைத் திறந்தார். குட்டிச் செட்டை இரண்டு அலகுகளுக்கும் நடுவில் நின்றது.

பிரிபெக்சர் படிவத்தின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது. 'என் மானத்தின் மீது உறுதியளிக்கிறேன்' என்று எழுதி, கீழே அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். கத்தரிக்கோலை மூடினார்.

"பொன்ஜூர்."

பச்சை றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பெண் வாளியோடு பின்னால் நின்றாள். அவள் கண் மீனில் இருந்து கத்தரிக்கோலுக்குப் போனது. காவல் அதிகாரி வந்துவிட்டாள் என்று செபஸ்டியனுக்கு வியர்த்தது. அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் கொட்டினார்.

"மதாம், நான் வெட்டவில்லை. வெட்ட நினைத்தது உண்மை, ஆனால் வெட்டவில்லை. நன்றாகப் பாருங்கள், செட்டை முழுதாக இருக்கிறது. சோவாஜ் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து எட்டு சோவாஜ் பிடித்தேன். எட்டையும் கையை நனைத்துத்தான் விட்டேன். படம் இருக்கிறது. இதையும் இதோ விடுகிறேன்."

ஒன்பதாவது மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய், ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோலத் தண்ணீரில் விட்டார். பிறகு நிமிர்ந்து நின்று அனுமதி அட்டையை நீட்டினார். ஆறு விருந்தாளிகளின் குழம்பு போனாலும் கோப்பு தப்பியது என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது.

அந்தப் பெண் அட்டையை வாங்கவில்லை. அவரையும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"மிஸியே, இது எங்கள் பண்ணையின் வளர்ப்புக் குளம். இந்த மீன்களுக்குச் செட்டை வெட்டுவது வருகிற செவ்வாய்க்கிழமைதான்."