ஐம்பத்திரண்டு நிமிடத்தில் வந்துவிடுவேன்

அறிவிலும் கைப்பேசியிலும் குறைவில்லாத என் அண்ணன் மகனுக்குப் பெரிய அத்தை எழுதுவது. நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நாற்காலியை விட்டு எழுந்தால்தானே உனக்கு ஏதாவது ஆகும். போனில் திட்டினால் வைத்துவிடுவாய் என்பதால் கடிதம்.

உன் சின்ன அத்தைக்குப் பித்தப்பையில் கல், நாளை மறுநாள் ஆபரேஷன் என்று சேதி வந்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பியவளைத் தடுத்தது யார்? கைப்பேசியை இரண்டு தட்டுத் தட்டி, "அத்தை, இந்த ஏர்போர்ட்டுக்கும் அந்த ஏர்போர்ட்டுக்கும் நானூத்திப் பத்து கிலோமீட்டர், பறக்குற நேரம் அம்பத்திரெண்டு நிமிஷம். அன்னைக்குக் காலையில கிளம்பினாப் போதும்" என்றாய். படித்த பிள்ளையாயிற்றே என்று நானும் நம்பி, "அம்பத்திரெண்டு நிமிஷத்துல வந்துடுவேன்டி, நான் வராம கத்தி வைக்க விடாதே" என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டேன்.

அன்று விடிந்ததும் ஏர்போர்ட்டில் போய் இறங்கினால் கட்டடம் இருக்கிறது, ஓடுபாதை இருக்கிறது, விமானம்தான் இல்லை. இருந்த ஒரே ஜீவன் தீயணைப்பு வண்டிக்காரர். ஓடுபாதை ஓரத்தில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"விமானம் எத்தனை மணிக்கு?"

"எந்த வருஷத்துக்குக் கேக்குறீங்கம்மா?"

"கைப்பேசியில அம்பத்திரெண்டு நிமிஷம்னு போட்டிருக்கே!"

"விமானம்னு ஒண்ணு இருந்தா அவ்வளவு நேரம் ஆகும். நிலாவுக்குக்கூடத்தான் தூரம் போட்டிருக்கு."

அட மேதாவியே, வரைபடத்தில் கோடு கிழித்த கணக்கையா பயணச்சீட்டு என்று நினைத்தாய்? முன்பின் தெரியாத அந்த மனுஷன் தன் மோட்டார் சைக்கிளில் என்னைப் பஸ் நிலையத்தில் கொண்டு விட்டார். காக்கைக்கு நானூற்றுப் பத்து கிலோமீட்டர். பஸ்ஸுக்கோ நடுவில் இரண்டு மலை, ஓர் ஆறு, ஆற்றின் மேல் பாதிப் பாலம். படகுக்குக் காத்திருந்து, அக்கரையில் வேறு பஸ் ஏறி, அதன் டயர் வெடித்து, இடுப்பு ஒடிய மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். முகத்தைக்கூடப் பார்க்காமல் அவளைக் கத்திக்குக் கொடுத்துவிட்டேனோ என்று வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன்.

வாசலில் என்னைக் கண்ட நர்ஸ், "நீங்கதானா அந்த அம்பத்திரெண்டு நிமிஷம்?" என்றாள். உன் சின்ன அத்தை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா வந்துக்கிட்டே இருக்கா" என்று நாள் முழுக்க அடம்பிடித்தாளாம். ஆபரேஷன் செய்ய வந்த டாக்டர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இனி பெரிய டாக்டர் விடுப்பு முடிந்து வந்தால்தான் ஆபரேஷனாம். இவளுக்கு இதற்குள் ஏதாவது ஆனால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

நீண்ட ஆயுளோடு இரு. யாருக்கும் வழி சொல்லாமல் இரு. உன் அப்பாவுக்கு என் அன்பு; உன்னை இந்த அழகில் வளர்த்ததற்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
பெரிய அத்தை

பி.கு.: பெரிய டாக்டர் இப்போதுதான் வந்து பார்த்தார். ஸ்கேன் படம் வேறு யாருடையதோவாம். இவளுக்குக் கல்லுமில்லை, மண்ணுமில்லை, வெறும் வாயு. நான் அன்றே பஸ்ஸில் கிளம்பி நேரத்துக்கு வந்திருந்தால் நல்ல பித்தப்பையை எடுத்து வீசியிருப்பார்கள். அவள் உன்னைக் குலதெய்வம் என்கிறாள். கடிதத்தைக் கிழித்துவிடலாம்தான். இவ்வளவு நன்றாகத் திட்டியிருக்கிறேன், வீணாக்க மனம் வரவில்லை.