மாவட்டக் கபடியும் முப்பத்தொன்பது டிகிரியும்

கல்லாவி,
புதன்கிழமை.

ஓசூர் கம்பெனியில் ஃபிட்டராக விளங்கும் திருமலை மாமா அவர்களுக்கு, மருமகன் ஹரீஷ்குமார் வியர்வை சொட்ட எழுதுவது. இங்கே நான், அம்மா, எருமை மூவரும் நலம், மூவரும் நிழலில்.

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறேன்: எங்கள் பத்தாம் வகுப்பு மின்விசிறி போன மாதம் ஒரு நாள் காலை பதினொன்று நாற்பதுக்கு மூச்சை நிறுத்தியது. எழுந்து நின்று அரை நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினோம். கணக்கு எடுக்கும் ரேவதி டீச்சர் வந்துவிட்டதால் அடுத்த அரைமணி நேரம் முட்டி போட்டோம். மேலே தகரக் கூரை, கீழே சிமெண்ட் தரை, நடுவில் நாங்கள், ஆம்லெட் மாதிரி. அந்த வாரம் நடந்த ரிவிஷனில் எனக்குக் கணக்கில் முப்பத்தொன்று. "வெயில்ப்பா" என்றேன். "வெயிலு உனக்கு மட்டுமாடா அடிக்குது? மாடு மேயலையா?" என்றார் அப்பா. "மாட்டுக்குக் கணக்குப் பரீட்சை இல்லையேப்பா" என்றேன். விளைவு: கபடிக்கு முந்தைய கடைசி டெஸ்ட்டில் ஐம்பது வராவிட்டால், இந்தச் சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் நடக்கும் மாவட்டக் கபடிக்கு நான் போகக் கூடாதாம். மாமா, ரைடர் நான்தான். நான் இல்லாவிட்டால் டீமே இல்லை.

சும்மா இருப்பேனா? லேப் தெர்மாமீட்டரை வாங்கிச் சுவரில் மாட்டி, மூன்று வாரம் ஒவ்வொரு டெஸ்ட் அன்றும் டிகிரியையும் எல்லோருடைய மார்க்கையும் குறித்து சார்ட் போட்டேன். காலையில் வைத்த டெஸ்ட்டில் சராசரி அறுபத்திரண்டு. முப்பத்தொன்பது டிகிரியில் மதியம் வைத்ததில் நாற்பத்தெட்டு. எப்போதும் தொண்ணூறுக்குக் கீழே இறங்காத அஜித்குமாரே எழுபத்தொன்பதுக்கு இறங்கினான். பேப்பரில் வியர்வை விழுந்து அவன் போட்ட வட்டம் முட்டையானது. சார்ட்டைப் பார்த்த ரேவதி டீச்சர், "டேய், பரீட்சையில வராத கிராஃப் இதுல மட்டும் எப்படிடா வந்துச்சு?" என்றார். ஆனாலும் ஹெச்.எம்.மிடம் பேசி, நேற்றைய டெஸ்ட்டைக் காலை ஏழரைக்குப் புங்கமரத்தடிக்கு மாற்றிவிட்டார். சராசரி அறுபத்தைந்து! பிரேயரில் எனக்குக் கைதட்டல். பருவநிலை மாற்றத்தையே மடக்கிப் பிடித்தவனைக் கபடி பிடிக்க விடாமல் தடுப்பது நியாயமா? அப்பா அடங்குவது உங்கள் பேச்சுக்கு மட்டும்தான். "மச்சான், பையன் விஞ்ஞானி" என்று ஒரு போன் போடுங்கள், போதும்.

அத்தைக்கு வணக்கம். உங்கள் ஷிஃப்டுக்கு மழை பெய்யட்டும்.

அன்புள்ள,
ஹரீஷ்

பின்குறிப்பு: மாமா, திட்டாதீர்கள். புங்கமரத்தடியில் காற்று ரொம்ப நன்றாக இருந்தது. நான்காவது கேள்வியில் சாய்ந்து தூங்கியவன், பேப்பர் வாங்கும்போதுதான் எழுந்தேன். இருபத்தேழு. சார்ட்டில் என் மார்க்கை மட்டும் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் வெயில் நிரபராதி ஆகிவிடும். வெள்ளிக்கிழமை மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட அப்பா பள்ளிக்கு வருகிறார். அதற்குள் போன் செய்யுங்கள். சராசரியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.