பச்சைப் புள்ளி வைத்த மாடி வீடு

“வடக்குத்து, கோயிலுக்குப் பின் தெரு. வீட்டுச் செலவு தாங்குமா, தாங்காதா என்ற கணக்கெடுப்பு. ஞாயிறு காலை நிலவரம்.”

டீக்கடைச் சுவரில் நான் ஒட்டிய சார்ட்டின் தலைப்பு இது. கீழே என் கையெழுத்தும் தேதியும் இருந்தன. (துடைப்பம் வாங்கினாலும் கட்டையில் தேதி எழுதுகிற ஆள் நான்.) அதனால் பின்னால் குற்றவாளியை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுக்கே போனால் அது தாங்காத வீடு என்று படித்திருந்தேன். படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் இருக்கும் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் போய், அந்தத் தெரு முழுக்கக் கதவைத் தட்டினேன். குடியிருப்பவரிடம் வாடகை கேட்டேன், சொந்த வீட்டுக்காரரிடம் கடன் தவணை, எல்லாரிடமும் சம்பளம். மாணிக்கம் என்ற வீட்டுக்காரர், மைன்ஸில் பர்மனென்ட் ஆபரேட்டர், திருப்பிக் கேட்டார்: “நீங்க குவார்ட்டர்ஸுக்கு எவ்ளோ சார் குடுக்கறீங்க?”

தெரியவில்லை. கம்பெனியில் என் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். (ஊராரின் வீட்டுச் சுமையை அளக்கக் கிளம்பிய மேதை!)

மாணிக்கத்தின் மாடியில் ஜாகிர் குடியிருந்தார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அவர் மனைவி நூர்ஜஹான் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இஞ்சி டீ கொடுத்து, வாடகையைத் தாழ்ந்த குரலில் சொன்னார். தெருவிலேயே அதுதான் குறைவு. சுவர் பூசாத காலத்தில் குடிவந்து, வயரிங்கை ஜாகிரே செய்துகொண்டதால் அந்த வாடகை. அந்த மாதம் கைக்கு வந்த சம்பளத்தையும் ஒளிக்காமல் சொன்னார்.

தாங்காத வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி, தாங்கும் வீட்டுக்குப் பச்சை. பக்கத்தில் கதவு எண்ணும் வாடகையும். சிவப்பைப் பார்த்து வீட்டுக்காரர்கள் கூச்சப்பட்டு வாடகையைக் குறைப்பார்கள் என்பது என் திட்டம். ஒட்டி முடித்து, யாராவது பாராட்டுவார்களா என்று இரண்டு டீ குடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

சிவப்பு ஒன்றும் குறையவில்லை. பச்சையெல்லாம் ஏறியது.

அடுத்த ஞாயிறு நூர்ஜஹான் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

“வாடகைய ஏத்திக் குடு, இல்லன்னா வூட்ட காலி பண்ணுன்றாரு சார், வூட்டுக்காரரு. கேட்டா, சாரே தாங்கும்னு எழுதியிருக்காரேன்றாரு. அந்த மாசம் ஓவர்டைம் வந்துச்சு. வருசம் பூரா அப்படியா வருது?” படியிறங்கப் போனவர் திரும்பினார். “நீங்க கேட்டீங்கன்னு சொன்னேன். தெருவுல ஒட்டுவீங்கன்னு தெரியாதுங்க.”

என் மனைவி எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மாணிக்கத்திடம் ஓடினேன். ஓவர்டைமைக் கழித்தால் மாடி வீடும் சிவப்புதான் என்று விளக்கினேன்.

“போன வாரம் பச்ச, இந்த வாரம் செவப்பா?” என்றார். “என் வூட்டுக்கும் நீங்கதான் சார் செவப்பு வெச்சீங்க. லோன் பாதிச் சம்பளத்த துண்ணுகினு இருக்குது. வாடகைய ஏத்தாம அத எப்படி நான் பச்சையாக்கறது? கணக்கு போட்டுச் சொல்லுங்க.”

டீக்கடைக்குச் சைக்கிளை விட்டேன். சார்ட்டைக் கிழிக்கப் போனேன். அது ஒட்டிய அன்றைக்கே தெரு வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டதாக டீக்கடைக்காரர் அக்கறையோடு தெரிவித்தார். கடைசியாக ஜாகிரிடம், ஏறிய வாடகையை நானே தருகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை.

“அதையும் எழுதி ஒட்டுவீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் மகள் தன் சம்பளத்தைப் பற்றி வாயைத் திறந்தால், என் மனைவி கையைக் காட்டி நிறுத்துவாள். “அப்பா காதுல விழப்போவுது. தெருவுக்கே தெரிஞ்சுடும்.” விருந்தாளிகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.

ஜாகிர் குடும்பம் அந்த வருடக் கோடை விடுமுறையில் மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போய்விட்டது. பக்கத்தில் நெல்லிக்குப்பத்தில் வேலை கிடைத்ததால்தான் போகிறோம் என்றார் ஜாகிர். வேலை கிடைத்த பிறகு காலி செய்தாரா, காலி செய்வதென்று ஆன பிறகு வேலை தேடினாரா என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் வேனில் சாமான் ஏற்றத் திரும்பிக்கொண்டார். எது முதலில் நடந்தது என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.