பெட்டியண்ணனின் பெயர்

மாம்புரியில் பெட்டியண்ணனைக் கண்டு ஓடாத மனிதர் கிடையாது. சவப்பெட்டி செய்கிறவர் என்பதற்காக இல்லை, பெயருக்கு அர்த்தம் சொல்லிவிடுவாரே என்ற பயம்தான். வேதாகமத்தில் உள்ள எபிரேயப் பெயர் அத்தனைக்கும் அவரிடம் அர்த்தம் இருந்தது. கேட்டு மனங்குளிர்ந்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

கலியாண வீட்டில் மணப்பொம்பிளையிடமே போய், "மரியா எண்டா கசப்பு, பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பலகை விற்கும் யாக்கூப் நானாவையும் விடவில்லை.

"யாக்கூப்பும் எங்கட யாக்கோபும் ஒரே பேர்தான், நானா. குதிகாலைப் பிடிச்சவன் எண்டு அர்த்தம். ஏமாத்துக்காரன் எண்டும் சொல்லலாம்."

"எங்கட ஆக்கள் செத்தா மையத்துக்குப் பெட்டி தேவையில்ல. அந்தக் கோவத்தத்தானே இப்பிடித் தீர்க்கிறீங்க?" என்றார் நானா.

பெட்டியண்ணனுடைய கொட்டிலின் மறுபாதியில் நான் படகுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் செய்யும் சிலுவைகளுக்கும் என் பெயின்ற்தான் போகும். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் மட்டும், "அர்த்தம் சரியில்லை" என்று உளியைக் கையில் எடுத்துவிடுவார்.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து விட்டதும் ரெஜினா நிறைமாத வயிற்றோடு தமக்கை வீட்டுக்கு வந்தாள். இராணுவத்திடம் சரணடையப் போன புருஷன் திரும்பவேயில்லை. ஆண்பிள்ளை பிறந்ததும் பெட்டியண்ணனை ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னாள்.

"யாக்கோபின்ட பெண்சாதி ராக்கேல், பிள்ளை பெத்துச் சாகிற நேரம் மகனுக்கு வைச்ச பேர்தான் வேணும், அண்ணன். பெனோனி. என்ட துக்கத்தின் மகன். நீங்கதானே அர்த்தம் சொன்னீங்க."

பெட்டியண்ணன் உளியைக் கையில் எடுத்துவிட்டார்.

எங்கள் மாதா கோயிலில் ஞானஸ்நானத்தின்போது, ஞானத்தகப்பன் வாயால் சொல்லுகிற பெயர்தான் பிள்ளைக்குப் பெயர். பிறகு பெற்ற தாயே அழுதாலும் மாறாது.

"பிள்ளைக்கு என்ன பேர்?" என்றார் பாதர்.

"பென்யமின்!" கோயில் அதிர்ந்தது.

தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. வெளியே வந்ததும் ரெஜினா அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். "என்ட மனுசனை எல்லாரும் மறந்திட்டாங்க. பிள்ளையிட பேரிலயாவது அந்தத் துக்கம் இருக்கட்டும் எண்டு நினைச்சன். அதையும் பறிச்சிட்டீங்களே!"

சட்டை கிழிந்தது. அவர் அவள் கையை விலக்கவில்லை.

"பெனோனி என்ட பேர், பிள்ளை. என்னைப் பெத்து அம்மா சாக, அப்பர் வைச்ச பேர். ராக்கேல் வைச்சதையே யாக்கோபு மாத்தினார், பென்யமின் எண்டு. வலக்கையின் மகன். எங்கட அப்பர் கடைசிவரைக்கும் மாத்தேல்ல. கூப்பிடுற நேரமெல்லாம் அம்மாட பிரேதத்தைப் பாக்கிறமாதிரித்தான் என்னைப் பாத்தார். உன்ட பிள்ளைக்கு அது வேண்டாம்."

ரெஜினா மன்னித்தாளோ தெரியாது. கிழிந்த சட்டையை வாங்கித் தைத்துக் கொடுத்தாள்.

சில வருடம் கழித்துப் பெட்டியண்ணன் போய்ச் சேர்ந்தபோது பெட்டி தயாராக இருந்தது. தன் அளவுக்குத் தானே செய்து வைத்திருந்தார், பாவி மனுஷன். சிலுவையில் பென்சிலால் 'பெனோனி' என்றும் எழுதியிருந்தார். அதன்மேல் பெயின்ற் பூசுவதுதான் எனக்கு மிச்சம் வைத்த வேலை. பூச மனம் வராமல் நின்றேன்.

யாக்கூப் நானா என் தோளைத் தொட்டார். "மகன்ட பேர யாக்கூப் மாத்தினதெண்டு அவருதானே சொன்னாரு? நானும் யாக்கூப்தான். மாத்துங்க, தம்பி."

அழித்துவிட்டு, பென்யமின் என்று எழுதினேன். அவ்வளவு அழகாக எந்தப் படகுக்கும் நான் எழுதிக் கொடுத்ததில்லை.